கனடாவின் சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களின் மாட்டுப் பண்ணைக்காரர்கள்: மறக்க முடியாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

ரெஜைனாவாசி:
தென் சஸ்காச்சுவானில் ஒரு மாட்டு ஏல மண்டி அலுவலகத்தில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது நடந்தது. 2021, அந்தக் கொடும் வறட்சி வருடம். இலையுதிர் காலத்தில் மண்டி எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும், விளக்கப் போவதில்லை. அந்த வாரம் பக்கத்து ஊரில் ஓர் இளம் தம்பதியின் வீடு எரிந்துபோயிருந்தது. எழுபதைத் தாண்டிய ஒரு பண்ணைக்காரர், கருப்பு ஆங்கஸ் மாடுகள் வைத்திருப்பவர், அவர்களுக்காக ஒரு கிடாரியைக் கொண்டுவந்து ஏலத்தில் விட்டார். எடுத்தவர் அந்தத் தொகையைத் தம்பதிக்கே தருவதாகச் சொல்லிவிட்டு "திரும்ப உள்ளே விடுங்கள், மறுபடி ஏலம் போடுங்கள்" என்றார். அடுத்து எடுத்தவரும் அதையே சொன்னார், அதற்கடுத்தவரும். மரத்தூள் கொட்டிய அந்த வளையத்துக்குள் ஒரே கிடாரி சுற்றிச் சுற்றி வருகிறது, ஏலம் கூறுபவர் நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிக்கிறார், நான் ஒரு ரசீதை முடிப்பதற்குள் அடுத்த பெயர் வந்துவிடுகிறது. பெரியவர் கதவருகே நின்று ஒவ்வொரு தடவையும் தாழ்ப்பாளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார், ஏலம் எவ்வளவுக்குப் போகிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட வந்தபோது, இருப்பதிலேயே நல்ல கிடாரியையா கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "நோஞ்சானைக் கொண்டுவந்தால் யார் கை தூக்குவார்கள்?" என்றார். அதே வாரம் தீவனம் இல்லாமல் அவரே தன் தாய்மாடுகளில் ஒரு பகுதியை விற்றிருந்தார். அந்தச் சீட்டும் என் மேசையில்தான் இருந்தது. அதுதான் இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது.

பனிக்காடு:
நான் மார்ச் மாதப் பனிப்புயலில் மாட்டிக்கொண்டவன். ஊர்ப்புறச் சரளைச் சாலை, எதிரே எதுவும் தெரியவில்லை, வண்டி பள்ளத்தில். ஒருவர் டிராக்டரோடு வந்து இழுத்துப்போட்டுவிட்டு, இந்த நிலையில் மேலே போக வேண்டாம் என்று வீட்டுக்கே கூட்டிப்போனார். உள்ளே போனால் குளியல் தொட்டிக்குள் ஒரு பச்சிளங்கன்று! வெந்நீரில் கிடக்கிறது, அவர் மனைவி அதன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கிறார். வாய் சில்லென்று இருந்தால் உடம்பின் உட்சூடும் குறைந்துவிட்டது என்று அர்த்தமாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விட்டுப் பார்த்துவிட்டு, "இப்போது உறிஞ்சுகிறது" என்றார். உடனே சீம்பால் புட்டியை என் கையில் கொடுத்துவிட்டார்கள், எனக்குத் தெரியுமா தெரியாதா என்று யாரும் கேட்கவில்லை. நான் புகட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த டிராக்டர்காரருக்குத் தொலைபேசி வந்தது. அந்த ஊர்த் தீயணைப்புப் படையில் அவர் உட்பட எல்லோரும் தன்னார்வலர்கள்தான், சம்பளம் கிடையாது. எங்கேயோ லாரி கவிழ்ந்திருக்கிறது. கன்று ஈனும் பருவத்தில், அந்தப் புயலில், ஈரக் கையுறையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். இரவு முழுக்க அந்த அம்மாதான் தொழுவத்துக்கும் வீட்டுக்கும் நடந்தார்.

உண்மைவிளம்பி:
கதைகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் இவர்களைத் தெய்வமாக்க வேண்டாம் என்று சொல்கிறேன். இது தர்மம் இல்லை, தேவை. 2003 மே மாதம் ஆல்பர்ட்டாவில் ஒரே ஒரு பசுவுக்குப் பைத்திய மாட்டு நோய் (BSE) என்று தெரிந்ததும் அமெரிக்கா கனடா மாடுகளுக்கு எல்லையை மூடியது. உயிருள்ள மாடுகளுக்கு மறுபடி திறந்தது 2005 ஜூலையில், அதுவும் முப்பது மாதத்துக்குக் குறைந்த வயதுள்ளவற்றுக்கு மட்டும். வயதான பசுவை விற்றால் லாரி வாடகை தேறுமா என்று யோசித்த காலம் அது. அப்போது பக்கத்துப் பண்ணை விழுந்தால் தன் பண்ணையும் விழும் என்று எல்லோருக்கும் புரிந்தது. சாலையைச் சமப்படுத்தவும், பள்ளிப் பேருந்து ஓடவும் ஆள் வேண்டுமே.

நான் அப்போது கடன் பிரிவில் வேலை பார்த்தேன். ஒருவர் இரண்டு கோப்புகளோடு வந்தார். ஒன்று அவருடைய தவணை பாக்கி. இன்னொன்று ஊர் ஹாக்கித் திடலின் பனித்தளக் குளிரூட்டி பழுதானதற்கான கடன் விண்ணப்பம், அவர்தான் அந்தக் குழுவின் பொருளாளர். மேசையில் வைத்ததும் தன்னுடைய கோப்பை எடுத்து அடியில் செருகிவிட்டு "முதலில் திடல்" என்றார். திடல் மூடினால் பிள்ளைகள் அடுத்த ஊருக்கு விளையாடப் போவார்கள், பெற்றோர் அங்கேயே சாமான் வாங்குவார்கள், பிறகு நம்மூர்க் கடை போகும், பள்ளியும் போகும் என்று வரிசையாகச் சொன்னார். நான் சொல்வதும் அதுதான், கணக்குத் தெரிந்தவர்கள்.

ரெஜைனாவாசி:
கணக்குத் தெரிந்தவர் தன் கோப்பைத்தானே மேலே வைப்பார், உண்மைவிளம்பி? நீங்கள் சொன்ன கதையே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. வீடு எரிந்த தம்பதியிடம் மாடு கிடையாது, நிலம் கிடையாது. அவர்களால் அந்தப் பெரியவருக்குத் திரும்ப என்ன ஆகப்போகிறது?

சரளைச்சாலை:
என் கதை சின்னது. நான் பழுதுபார்க்கப் போன பண்ணையில் ஒரு தாத்தா தன் நிலத்தின் கால்பிரிவு எண்ணை (இங்கே நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் எண்) அட்டையில் எழுதி என் சட்டைப் பையில் செருகினார், "ஆம்புலன்ஸ்காரனுக்கு என் பெயர் தெரியாது, இது தெரியும்" என்று. அவ்வளவுதான்.

ஆனால் பனிக்காடு தம்பி எழுதியதைப் படித்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதிதாக வந்தவர்கள் கவனியுங்கள். வண்டி சிக்கினால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள், வெண்புயலில் வேலியைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. எஞ்சினை ஓடவிடுவதற்கு முன் புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தோண்டி எடுங்கள், இல்லையென்றால் நச்சுப்புகை உள்ளே வரும். ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். விட்டு விட்டு ஓடவிடுங்கள், எரிபொருள் மிஞ்சும். குளிர்காலத்தில் டாங்க் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. மண்வெட்டி, போர்வை, தகர டப்பாவில் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி எப்போதும் வண்டியில் இருக்கட்டும். வீட்டில் இரவு வண்டியை நிறுத்தும்போது எஞ்சின் ஹீட்டரை மின்சாரத்தில் செருகிவிட்டுத் தூங்கப் போங்கள். போகிற வழியில் உள்ள பண்ணைகளின் எண் பலகையைப் பார்த்துக்கொண்டே போங்கள், உதவி கேட்கும்போது அதுதான் முகவரி. எல்லா இடத்திலும் டிராக்டரோடு ஒருவர் வருவார் என்று நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஸ்விஃப்ட்கரன்ட் அக்கா:
தம்பிமாரே, சண்டை வேண்டாம். நான் இங்கே தென்மேற்கு சஸ்காச்சுவானின் ஸ்விஃப்ட்கரன்ட் ஊரில் நர்ஸ். இந்த வட்டாரத்து மக்கள் 1946-லேயே தங்களுக்குள் தலைவரியும் நிலவரியும் போட்டு எல்லோருக்கும் மருத்துவர், மருத்துவமனை என்று ஏற்பாடு செய்தவர்கள். மாகாணம் முழுவதற்கும் மருத்துவருக்கான திட்டம் வர 1962 ஆனது. அது தேவையா அன்பா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

எனக்கு மறக்காதது, கன்றுகளுக்குச் சூடு போடுகிற பருவத்தில் காளை கதவோடு நசுக்கி விலா எலும்பு முறிந்து வந்த ஒருவர். வலிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன், அவர் போனில் பக்கத்துப் பண்ணைப் பையனிடம் எந்தப் பசு உதைக்கும், எதைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று காதுத் தோட்டு எண்ணோடு சொல்லிக்கொண்டிருக்கிறார். மூச்சு விட்டாலே வலிக்கும் முறிவு அது. அவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு, சூடு போட வருகிற அத்தனை பேருக்கும் மத்தியானச் சாப்பாடு பத்துமா என்று வேறு கேட்டார். தான் இல்லாமல் அந்த வேலை நடக்காது என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வருவார்கள் என்று அவருக்குத் தெரியும், அவரும் எல்லார் வீட்டுக்கும் போனவர்தான்.

உண்மைவிளம்பி தம்பி, ஒன்று கேட்க வேண்டும். அந்த மனிதரின் அடியில் இருந்த கோப்பு என்ன ஆயிற்று? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.