மீன்தொட்டியில் கை விட்டவன்

வெள்ளவத்தையிலிருந்து:

எனக்குச் சிறுநீரகம் மாற்றி ஆறு வருடம். கொதித்தாறிய தண்ணீர், முகக்கவசம், கூட்டமில்லாத நேரத்தில் கோயில் என்று எல்லாக் கவனமும் எடுத்தேன். வரவேற்பறை மீன்தொட்டியை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. ஏஞ்சல் நான்கு, கப்பி எண்ணிக்கையில்லை. ஞாயிறுதோறும் வெறுங்கையை விட்டுக் கண்ணாடியைத் தேய்ப்பேன்.

போன வருடம் நடுவிரல் மூட்டில் தொட்டிக் கல் உரசிச் சின்னக் கீறல். அது ஆறி மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் ஊதா நிறக் கட்டி ஒன்று வந்தது. வலி பெரிதாக இல்லை. அடுத்த மாதம் புறங்கையில் ஒன்று, முன்கையில் ஒன்று, கோத்த மணிபோல வரிசையாக மேலேறின. வாங்கி விழுங்கிய குளிசை எதற்கும் அடங்கவில்லை. ஒரு தனியார் கிளினிக்கில் வாதம் என்று மூட்டில் ஸ்டீரொய்ட் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு விரலை மடக்கவே முடியவில்லை.

கடைசியில் ஒரு தோல் வைத்தியர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டில் மீன் வளர்க்கிறீர்களா?" என்றார். சாத்திரம் சொல்கிறாரோ என்று திகைத்தேன். மைக்கோபக்டீரியம் மரினம். காசநோய்க் கிருமியின் உறவுக்காரன், தண்ணீரில் வாழ்வது. அதற்கு 30 பாகை செல்சியஸ் சுகம். 37 பாகையில் சரியாக வளராது. உடம்பில் குளிர்ந்த இடமான கையோடு அது நிற்பதும் அதனால்தான். உறுப்பு மாற்றி, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு எலும்புவரை இறங்கவும் கூடும். ஆய்வுகூடத்தில் வழக்கமான சூட்டில் வைத்தால் ஒன்றும் முளைக்காமல் 'கிருமி இல்லை' என்று அறிக்கை வந்துவிடலாம். அவர் சதைத்துண்டை அனுப்பிய சீட்டில் 'மீன்தொட்டி, 30 பாகையிலும் வையுங்கள்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டார். என் விரலைக் காப்பாற்றியது அந்தச் சீட்டு என்றே நினைக்கிறேன்.

மருந்து கொடுப்பதும் இலேசாக இருக்கவில்லை. இந்தக் கிருமிக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், மாற்றிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமலிருக்க நான் எடுக்கும் டக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும், சிறுநீரகத்துக்கு நஞ்சு. இன்னொரு மருந்தான ரிஃபாம்பிசின் அதை இறக்கிவிடும், மாற்றிய சிறுநீரகத்தை உடம்பே நிராகரிக்கலாம். கடைசியில் அசித்ரோமைசினும் எதம்பியூட்டோலும் ஏழு மாதம்.

ஆறு வருடக் கிளினிக்கில் மீனைப் பற்றி எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி?

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அண்ணா, எங்கள் வீட்டில் நாய். அப்பாவுக்கு 1998இல் லொறி விபத்தில் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அவரே மறந்துபோன சங்கதி.

நாய் விளையாட்டில் பல் பட்டுப் பெருவிரலில் கீறியது. கடி என்று சொல்லவும் முடியாது. விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்று, நாயின் ஊசிப் புத்தகமும் சரி, இனி என்ன என்று இருந்தோம். மூன்றாம் நாள் உதறலோடு காய்ச்சல். கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குதானே, பிளேட்லெட் வேறு குறைந்திருந்தது. பனடோலும் இளநீருமாக ஒரு பகல் போயிற்று. இரவு கால்விரல்கள் கறுத்தன, இரத்த அழுத்தம் விழுந்தது. இரவுக் கடமையில் இருந்த இளம் வைத்தியர் வயிற்றுத் தழும்பைக் கண்டு, "இது என்ன?" என்றார். அடுத்த கேள்வி, "நாய் இருக்கிறதா?" அந்தக் கணமே நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றத் தொடங்கினார்கள்.

இரத்தத்தில் கிருமி முளைத்துத் தெரிய ஐந்து நாள் பிடித்தது. கப்னோசைற்றோபாகா கனிமோர்சஸ். கனிமோர்சஸ் என்றால் லத்தீனில் நாய்க்கடியாம். நல்ல நாய்களின் வாயிலும் சாதாரணமாக இருப்பது. இரத்தத்தில் இறங்கும் இத்தகைய கிருமிகளை வடிகட்டுவதில் மண்ணீரலுக்குப் பெரிய பங்கு. அப்பாவிடம் அது இல்லை. இடது காலில் இரண்டு விரல் போயிற்று. 'மண்ணீரல் இல்லை' என்று எழுதிய அட்டை இப்போது அடையாள அட்டையோடு சட்டைப் பையில் இருக்கிறது. நாய் பழையபடி கட்டிலடியில்.

தெஹிவளையிலிருந்து:

எனக்குக் கீமோ நடக்கும்போது மாமியார் பூனையைச் சாக்கில் கட்டிப் பாணந்துறையில் விடப் புறப்பட்டார். புற்றுநோய் வைத்தியரிடம் கேட்டேன். வைத்திருக்கலாம், ஆனால் தெள்ளை ஒழி, நகத்தை வெட்டு, குட்டி எதையும் புதிதாகக் கொண்டுவராதே, கீறினால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வா என்றார். தெள்ளின் எச்சம் பூனையின் நகத்தில் ஒட்டி, கீறலோடு பார்ட்டொனெல்லா என்ற கிருமி உள்ளே போகுமாம். பூனை மலங்கழிக்கும் மண்பெட்டியைச் சுத்தம் செய்வது இப்போது மாமியாரின் வேலை. அவருக்குப் பூனையைவிட என்மேல்தான் கோபம்.

வெள்ளவத்தையிலிருந்து:

தங்கச்சி, அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அந்த அட்டை யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன், 'மீன்தொட்டி உண்டு' என்று ஒரு வரி சேர்த்து. தொட்டி இன்னும் இருக்கிறது. மகன்தான் முழங்கைவரை கையுறை போட்டுக் கழுவுகிறான், தடவைக்கு 200 ரூபாய் கேட்டு. நான் சோபாவில் இருந்து எங்கே அழுக்கு என்று காட்டுகிறேன்.