நீரிலும் நிலத்திலும் செல்லும் கவச வாகனம்: செலவுக்கு ஏற்ற பயன் உண்டா?

கேள்வி:
அமெரிக்க மரைன் படைக்கான ஈஎஃப்வி கவச வாகனத் திட்டம், சுமார் 300 கோடி டாலர் செலவான பின் 2011 ஜனவரியில் கைவிடப்பட்டது. கப்பலிலிருந்து கரை சேரும் சிறிது நேரப் பயணத்துக்காக இவ்வளவு பணத்தைக் கொட்டுவது நியாயந்தானா?

மறுமொழி 1:
பணம் கரைந்தது மிதப்பதற்காக அன்று, வேகத்துக்காக. மரைன் படையில் 1970களில் வந்த பழைய நீர்-நில கவச வாகனமான ஏஏவி நீரில் மணிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான் செல்லும். ஈஎஃப்வியோ 40 கிலோமீட்டரைத் தாண்டியது. அதற்காக, விசைப்படகைப் போல நீரின் மேல் சறுக்கும்படி அதன் அடிப்பகுதியைத் தட்டையாக அமைத்து, சுமார் 2,700 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினையும் பொருத்தினார்கள். ஆனால் அந்தத் தட்டையான அடிப்பகுதிதான் கண்ணிவெடியின் முழு வீச்சையும் வாங்கிக்கொள்ளும். கடலில் கிடைத்த வேகத்துக்கு நிலத்தில் விலை கொடுக்க நேர்ந்தது என்பதே என் கருத்து.

மறுமொழி 2:
வாங்கும் விலையை மட்டும் பார்ப்பது போதாது. 2020 ஜூலையில் கலிபோர்னியா கடற்பகுதியில் ஏஏவி ஒன்று நீர் புகுந்து மூழ்கியதில் 9 பேர் உயிரிழந்தனர். பராமரிப்பிலும் பயிற்சியிலும் இருந்த குறைகளை விசாரணை சுட்டிக்காட்டியது. ஒரு ரப்பர் அடைப்பு தேய்ந்தால்கூட உள்ளே இருப்பவர்களின் உயிருக்கு ஆபத்து என்பதால், பராமரிப்புச் செலவில் கைவைக்கவே கூடாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால், நீரில் மெதுவாகச் சென்றாலும், ஏஏவிக்கு மாற்றாக எட்டுச் சக்கர ஏசிவி கவச வாகனத்தை மரைன் படை தேர்ந்தெடுத்ததன் காரணம் இப்போது விளங்குகிறது.