குடும்ப நலக் கணக்கெடுப்பில் எச்.ஐ.வி. பரிசோதனை: பேட்டி தருகிறார்கள், ரத்தம் தருவதில்லை

கேள்வி (கேட்டவர்: களக்குறிப்பு)

வணக்கம். தேசிய அளவிலான ஒரு குடும்ப நல ஆய்வுக்குக் களக்குழுப் பயிற்சிக் குறிப்பு தயாரிக்கிறேன். விரலில் குத்தி ஃபில்டர் பேப்பரில் ரத்தம் சேகரித்து மைய ஆய்வகத்துக்கு அனுப்பும் முறை. முடிவை ஆளுக்குச் சொல்வதில்லை. முன்னோட்டச் சுற்றில் பெண்கள் ஓரளவு ஒத்துழைத்தார்கள். ஆண்களில் பலர் வீட்டிலேயே இல்லை. இருந்தவர்களில் சிலர் பேட்டி தந்துவிட்டு ரத்தம் மட்டும் வேண்டாம் என்றார்கள். மூன்று சந்தேகங்கள்:

1. கிடைக்காத வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுக்கலாமா?
2. "முடிவே சொல்ல மாட்டீர்கள் என்றால் எதற்குக் குத்துகிறீர்கள்?" என்று கேட்டால் என்ன பதில்?
3. பங்கேற்பு விகிதத்தை எதை வைத்துக் கணக்கிடுவது?

பதில் 1 (எழுதியவர்: மறுவருகை)

முதல் கேள்விக்கு ஒரே பதில்: கூடாது. பக்கத்து வீட்டில் பகலில் ஆள் இருக்கிறார் என்பதே அவர் வேறு மாதிரி ஆள் என்பதற்கு அடையாளம். வேலைக்காக வெளியே தங்குபவர், இரவுப் பணிக்காரர், லாரி ஓட்டுபவர் எல்லாம் விடுபட்டுவிடுவார்கள். எச்.ஐ.வி. கணக்கில் அவர்கள்தான் முக்கியம்.

"இல்லை" என்பதையும் "மறுத்தார்" என்பதையும் ஒரே குறியீட்டு எண்ணில் பதியாதீர்கள். இரண்டுக்கும் மருந்து வேறு. இல்லாதவருக்கு மறுவருகை: குறைந்தது மூன்று முறை, வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில். காலை 11 மணிக்கே மூன்று தடவை போய்க் கதவைத் தட்டினால் அது ஒரே வருகைதான். ஒரு விடுமுறை நாளும் ஒரு மாலையும் கட்டாயம் இருக்கட்டும். குழு ஊரைவிட்டுக் கிளம்பும் தேதியை முன்பே இறுக்கிவிட்டால் இதெல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும். ஆண்கள் குறைவதற்குப் பாதிக் காரணம் அட்டவணைதான்.

மறுப்பவருக்கு வேறு வழி. ஒப்புதல் வாசகத்தைக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள்; தனியாக, ஆளுக்கு ஆள். மாமியார் முன்னால் கேட்டால் மருமகள் "வேண்டாம்" என்றுதான் சொல்வாள். ரத்தசோகைப் பரிசோதனைக்கும் எச்.ஐ.வி.க்கும் தனித்தனி ஒப்புதல். மிச்ச ரத்தத்தைப் பின்னாள் ஆய்வுக்குச் சேமிக்க இன்னொன்று. ஒன்றுக்குச் சரி என்றவர் மற்றதை மறுக்கலாம். தெளிவாக மறுத்தவரிடம் திரும்பத் திரும்பப் போவது நெறியும் அல்ல, பலனும் இல்லை. செய்தி தெரு முழுக்கப் பரவி அடுத்த பத்து வீடும் மூடிக்கொள்ளும்.

இரண்டாவது கேள்விக்கு: உண்மையைச் சொல்லுங்கள். "பெயர் இல்லாமல் போகிறது, யாருடைய ரத்தம் என்று ஆய்வகத்துக்குத் தெரியாது, அதனால் யாருக்கும் முடிவு சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள விரும்பினால் இந்தச் சீட்டோடு இலவச ஆலோசனை, பரிசோதனை மையத்துக்குப் போகலாம்." சீட்டை ஒப்புதல் தந்தவருக்கு மட்டும் கொடுக்காமல், மறுத்தவருக்கும் கொடுங்கள். "முடிவு பிறகு வரும்" என்று வாய் தவறிச் சொல்லும் பணியாளர்தான் பெரிய ஆபத்து. சில நாட்டு ஆய்வுகளில் வீட்டிலேயே உடனடிச் சோதனை செய்து முடிவையும் தருகிறார்கள். அதற்கு ஆலோசகர், தனி இடம், சிகிச்சை இணைப்பு எல்லாம் வேண்டும். இரண்டையும் பயிற்சியில் கலக்காதீர்கள்.

பதில் 2 (சோதனைக்குழாய்)

ஒப்புதல் கிடைத்தும் மாதிரி வீணாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுவும் பங்கேற்பு இழப்புதான்.

நடுவிரல் அல்லது மோதிரவிரல், நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். ஸ்பிரிட் முழுக்கக் காயட்டும். ஈரத்தில் குத்தினால் ரத்தம் சிதைந்துவிடும். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். விரலைப் பிழியாதீர்கள், திசுநீர் கலந்து நீர்த்துவிடும். அட்டையில் உள்ள வட்டத்தை ஒரே பெரிய சொட்டால், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நிரப்பவும். காய்ந்ததன் மேல் இன்னொரு சொட்டு வைத்தால் அந்த வட்டம் பயனில்லை. சுமார் 13 மி.மீ. வட்டம் நிரம்ப 75 மைக்ரோலிட்டர் அளவு போதும். "பாட்டில் பாட்டிலா எடுக்கிறாங்க" என்ற வதந்திக்கு வெற்று அட்டையைக் காட்டுவதே நல்ல பதில்.

இரவு முழுக்கப் படுக்கை வாக்கில், வெயில் படாமல், ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் உலர வையுங்கள். பிறகு கிளாசின் (வழவழப்பான மெல்லிய காகித) உறை, அதை ஜிப் பையில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடும் ஈரப்பதம் காட்டும் அட்டையோடும். ஈரப்பதம் காட்டும் அட்டை நிறம் மாறினால் பொட்டலத்தை மாற்றுங்கள். ஈரமாகவே பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஒரே எண்ணுள்ள பார்கோடு மூன்று: வினாத்தாள், ரத்த அட்டை, அனுப்புச் சீட்டு. ஒருவரை முழுக்க முடித்து ஒட்டிய பிறகே அடுத்தவர். கணவன் மனைவி இருவரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்தால் லேபிள் மாறும். பின்னால் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆய்வகத்தில் வழக்கமான முறை: எல்லாவற்றுக்கும் முதல் எலிசா (எச்.ஐ.வி. எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை), நேர்மறை (தொற்று உண்டு என்று) வந்தவை அனைத்தும், எதிர்மறையில் 10 சதவீதமும் இரண்டாவது எலிசாவுக்கு, முரண்பட்டவை மறுபடி சோதித்து, தேவைப்பட்டால் வெஸ்டர்ன் ப்ளாட் என்ற உறுதிச் சோதனை.

பதில் 3 (பகுதி_விகுதி)

மூன்றாவது கேள்வி. விகிதத்தில் கீழே (வகுக்கும் எண்ணாக) வைக்க வேண்டியது தகுதியுள்ள அனைவரும். பேட்டி தந்தவர்கள் மட்டும் அல்ல. கற்பனையாக 1,000 ஆண்கள் தகுதி, 880 பேர் பேட்டி, 740 பேருக்குப் பயன்படும் ரத்தமுடிவு என்று வையுங்கள். பங்கேற்பு 74%. 84% என்று எழுதுபவர்கள் உண்டு, அது பேட்டி தந்தவர்களுக்குள் கணக்கு.

இதே எண்ணில் 740 பேரில் 3% நேர்மறை என்றால் சுமார் 22 பேர். விடுபட்ட 260 பேரில் விகிதம் இரட்டிப்பாக 6% இருந்தால் மொத்தம் 3.8% ஆகிவிடும். வெறும் 3% என்று அச்சிடுவது எவ்வளவு பெரிய ஊகம் என்று புரியும். தன் நிலை தெரிந்த நேர்மறையாளர்கள் அதிகம் மறுக்கிறார்கள் என்பது மலாவி தரவில் காணப்பட்டது. பேட்டித் தகவலை வைத்து விடுபட்டவர்களின் முடிவை ஊகித்து ஈடு செய்தால் பெரும்பாலான நாடுகளில் மாற்றம் சிறிதுதான். ஆனால் அந்த முறைக்கு மறுப்புக்கும் நோய்க்கும் உள்ள நேரடித் தொடர்பு தெரியாது. ஜாம்பியாவின் 2007 ஆய்வில் ஆண்களுக்கு ஹெக்மன் வகைத் தேர்வு மாதிரி (மறுப்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பையும் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை) போட்டபோது 12% என்ற தொற்று விகிதம் 21% வரை போனது. அதற்குப் பயன்பட்ட தகவல், யார் பேட்டி எடுத்தார் என்ற எண். அதனால் பணியாளர் எண்ணைத் தரவில் காப்பாற்றுங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தொற்று விகிதம் குறைவான இடத்தில் சிக்கல் இன்னும் நுட்பம். இந்தியாவின் 2005-06 தேசிய குடும்ப நல ஆய்வில் 15-49 வயதில் 0.28% கிடைத்தது; 50 லட்சத்துக்கும் மேல் என்றிருந்த தேசிய மதிப்பீட்டை 2007இல் சுமார் 25 லட்சமாகக் குறைக்க அது ஒரு முக்கியக் காரணம். இப்படிப்பட்ட அளவில் சில லேபிள் தவறுகூட எண்ணை அசைக்கும். வீட்டுப் பட்டியலில் வராத விடுதி, சிறை, தெருவோரம் ஆகியவற்றுக்கு இந்த ஆய்வு பேசவே பேசாது.

வாரம் ஒரு முறை பணியாளர்வாரியாக மறுப்பு அட்டவணை போடுங்கள். மற்றவர்களைவிட இரட்டிப்பு மறுப்பு உள்ளவருக்கு மறுபயிற்சி. மறுப்பே இல்லாத பணியாளரையும் சரிபாருங்கள். ஒருவர் ரத்தத்தைப் பல அட்டையில் தடவுவதும் நடக்கக்கூடியது. பகுப்பாய்வில் பேட்டி வெயிட்டை (ஒவ்வொருவரும் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்ற எடை எண்) போடாமல் எச்.ஐ.வி.க்கான தனி வெயிட்டைப் போடவும்.

களக்குறிப்பு

மிக்க நன்றி. ஒன்று மட்டும்: 16 வயதுப் பையன், மணமாகாதவன். அப்பா சரி என்கிறார், பையன் வேண்டாம் என்கிறான்?

மறுவருகை

மறுப்பு என்றே பதியுங்கள். 15 முதல் 17 வயதில் மணமாகாதவருக்கு முதலில் பெற்றோர் ஒப்புதல், பிறகு அவருடைய சொந்தச் சம்மதம், இரண்டும் வேண்டும். யார் மறுத்தது என்பதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். அப்பா மறுத்தால் பையனிடம் கேட்கவே கூடாது.