பழம் வைத்த தயிர் பிஸ்கட்: ஸ்நாக்ஸ் டப்பாவுக்குச் சரிப்படுமா?

காட்பாடி_டிபன்:
பள்ளிக்கூட ஸ்நாக்ஸ் டப்பாவில் தயிர் கிரீமும் பழமும் வைத்த பிஸ்கட் கொடுக்கலாமா? தயிரோட நன்மை ஏதாவது அதில் மிஞ்சுமா? வீட்டு ஓடிஜியில் (சின்ன கரண்ட் ஓவன்) செய்தால் பழம் வழிந்து தட்டில் கருகுது. வழியாமல் தப்பினதும் மறுநாள் நமத்துப்போகுது. எங்கே தப்பு?

பாலாற்றங்கரை:
அட்டைப் படத்தை விட்டுட்டு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிடணும். மைதா, சர்க்கரை, பாமாயில்னு போய், தயிர்ப்பொடி உப்புக்குப் பக்கத்தில் வந்தால் அதில் எவ்வளவு தயிர் இருக்கும்னு நீங்களே சொல்லிடலாம். படத்திலோ பெயரிலோ பழத்தை முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம்னும் போடணும். 100 கிராமுக்கு சர்க்கரை 30 கிராம்னு இருந்தால், 25 கிராம் பிஸ்கட்டில் ஏழரை கிராம், கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன். மாவில் சேர்த்த தயிரின் பாக்டீரியா அடுப்புச் சூட்டில் செத்துடும். அதனால் இதை மிட்டாய்க் கணக்கில் வைங்க, தயிர்சாதக் கணக்கில் வேண்டாம். ஜூனில் ஸ்கூல் திறந்தும் நம்ம வேலூர் வெயில் இறங்காது. கிரீம் வைத்தது பைக்குள்ளேயே உருகி ஒட்டிக்கும்.

சத்துவாச்சாரி_ஓவன்:
உங்க இரண்டு கோளாறுக்கும் காரணம் தண்ணிதான்.

கால் கிலோ கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே 5 மணி நேரம் வடியவிடுங்க. வெளியில் தொங்கவிட்டால் புளிச்சுடும். வடிந்த தயிர் மாவுக்கு மட்டும். பூரணத்தில் கலந்தால் அது சூட்டில் திரிந்து தண்ணி விடும்.

பூரணம்: மாம்பழ விழுதோ கொய்யா விழுதோ 250 கிராம், சர்க்கரை 60, எலுமிச்சைச் சாறு 1 டீஸ்பூன். மொத்தம் 150 கிராமாகச் சுண்டும்வரை கிளறுங்க. கண் திட்டம் ஏமாத்தும், தராசில் வைங்க. ஃப்ரிட்ஜில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டால், அதைச் சுற்றி நீர் வளையம் கட்டக்கூடாது. கொய்யாவில் பெக்டின் (ஜாமை இறுக வைக்கிற பழச்சத்து) அதிகம், சீக்கிரம் இறுகும். மாம்பழத்துக்குப் பொறுமை வேணும்.

மாவு: மைதா 200, குளிர்ந்த வெண்ணெய் 90, பொடித்த சர்க்கரை 50, வடித்த தயிர் 60 கிராம், சமையல் சோடா கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயை மைதாவில் உதிரியாகத் தேய்த்து, தயிர் விட்டுச் சேர்த்துப் பிடிங்க. சப்பாத்திக்குப் பிசையற மாதிரி பிசைஞ்சா ரப்பர்தான். 40 நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்து, 20 உருண்டை போடுங்க. ஒவ்வொன்றிலும் தலை தட்டின 1 டீஸ்பூன் பூரணம். பூரணம் வெதுவெதுப்பா இருந்தாலே வெண்ணெய் இளகி வாய் திறந்துக்கும், அதனால் நல்லா ஆறினதை வைங்க. மூடின பக்கம் கீழே, மேலே ஊசியால் இரண்டு துளை (ஆவி போக வழி இல்லேன்னா பக்கத்தில் பிளக்கும்). முன்சூடான அடுப்பில் நடுத்தட்டு, 170 டிகிரி, 18 முதல் 20 நிமிஷம்.

ஆற்காடு_அடுப்படி:
பாதிக்குப் பாதி கோதுமை மாவு போடலாம். தவிடு தண்ணி இழுக்கும், தயிர் ஒரு ஸ்பூன் கூட்டிக்குங்க. சோடாவைக் கூட்டாதீங்க, சோப்பு வாடை வரும்.

காட்பாடி_டிபன்:
நன்றிங்க. எத்தனை நாள் தாங்கும்?

சத்துவாச்சாரி_ஓவன்:
வெளியில் 2 நாள், ஃப்ரிட்ஜில் 4 நாள். கம்பி ரேக்கில் ஒரு மணி நேரம் ஆறினப்புறம் டப்பாவை மூடுங்க. நமத்தால் 150 டிகிரியில் 5 நிமிஷம். நறுக்கின பழத்தோட ஒரே டப்பாவில் மட்டும் போட்டு அனுப்பாதீங்க.