கேபிள் பதிவு அஞ்சலகத்திலிருந்து இணையத்துக்கு மாறிவிட்டது: அப்பாவின் சான்றிதழை எப்படிப் புதுப்பிப்பது?

கேள்வி: மண்டபம், கேபிள் நடத்துபவரின் மகள் (மார்ச் 2025)

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மண்டபம் பகுதியில் கேபிள் இணைப்பு நடத்தி வருகிறார். ஆண்டுதோறும் தலைமை அஞ்சலகத்தில் படிவம் நிரப்பி, 500 ரூபாய் கட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வது அவர் வழக்கம். இனி அது இணையத்தில்தான் என்கிறார்கள். அவருடைய சான்றிதழோ மே 20ஆம் தேதியோடு முடிகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் எங்கள் வசூல் மிகவும் இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்துப் புதிய கட்டணமான 5,000 ரூபாயை ஒரே தடவையில் கட்டுவது ஒரு சுமை. அதைவிடப் பெரிய கவலை பெயர்தான்: ஆதாரில் அப்பாவின் பெயர் முன்னெழுத்தோடு இருக்கிறது, பான் அட்டையில் தாத்தாவின் பெயர் முழுதாக விரிந்து நிற்கிறது. எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? வேறு எந்த ஆவணங்களை நாங்கள் வைத்திருக்க வேண்டும்?

பதில் 1: கீழக்கரை, கேபிள் ஆபரேட்டர்

தங்கச்சி, மே மாதம் வரை காத்திருக்க வேண்டாம். 2025 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்த திருத்த விதிகளின்படி, உள்ளூர் ஆபரேட்டர்களைப் பதிவு செய்யும் அதிகாரம் அஞ்சலகத்திடமிருந்து தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்குப் போய்விட்டது. அமைச்சகத்தின் பிராட்காஸ்ட் சேவா இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். காலாவதிக்கு 90 நாட்களுக்குக் குறைவாக இருப்பவர்கள் உடனே விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. நீங்கள் அந்த வரம்புக்குள் வந்துவிட்டீர்கள். பதிவு ஐந்தாண்டுகளுக்கும் நாடு முழுவதற்கும் செல்லும். ஐந்தாண்டுக்கு 5,000 என்பதால் கட்டணம் ஆண்டுக்கு 1,000 ரூபாய் என்றாகிறது, அதாவது முன்பிருந்ததைப் போல் இருமடங்கு. ஆனால் ஆண்டுதோறும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டியதில்லை.

ஆதாரும் பானும் இணையவழியே சரிபார்க்கப்பட்டு, பொருந்தினால் சான்றிதழ் உடனே கிடைக்கும். பொருந்தாவிட்டால்தான் தொல்லை. வங்கிக் கணக்கும் வரிக்கணக்கும் பானைப் பின்பற்றுவதால், ஆதாரில் உள்ள பெயரைப் பானில் உள்ளபடி விரித்துக்கொள்வதே என் யோசனை. அதற்குப் பான் அட்டையையே அடையாளச் சான்றாகக் காட்டலாம். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் இப்போதும் அப்பாவிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சரிபார்ப்புக்கு வரும் ஓ.டி.பி. என் பழைய கைபேசி எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்ததால் எனக்கு இரண்டு வாரம் வீணானது.

பதில் 2: இராமநாதபுரம், வரி ஆலோசகர்

மேலே உள்ள பதிலோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லாத் தாள்களும் வீண்சுமை அல்ல. எம்.எஸ்.ஓ.வுடன், அதாவது சேனல்களைத் தொகுத்து உங்களுக்கு சிக்னல் தரும் நிறுவனத்துடன், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2017இல் கொண்டுவந்த இணைப்பு ஒழுங்குமுறை அதைக் கட்டாயமாக்குகிறது. இருதரப்பும் வேறு பங்கீட்டுக்கு உடன்படாதபோது வாடிக்கையாளர் இணைப்புக்காகக் கட்டும் நெட்வொர்க் கட்டணத்தை எம்.எஸ்.ஓ.வுக்கு 55, ஆபரேட்டருக்கு 45 என்ற விகிதத்தில் பிரித்துக்கொள்ளவும் வழி செய்கிறது. வாய்ப்பேச்சை நம்பியவர்கள் பங்குத் தகராறு வந்தபோது காட்ட ஒரு தாளும் இல்லாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது, ஆனாலும் வசூல் ரசீதுகளைத் தேதிவாரியாக வைத்திருங்கள்.

தடைக்காலத்தில் இணைப்பைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கக் கேட்கும் வாடிக்கையாளரிடம் கோரிக்கையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நிலுவை பற்றிய பேச்சு எழும்போது அது கைகொடுக்கும்.

பதில் 3: தொண்டி, முன்னாள் ஆபரேட்டர்

நீங்கள் வைத்திருக்க வேண்டிய இன்னொரு பதிவேடும் உண்டு. 1995ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மாதந்தோறும் ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகக் குறித்து, ஓராண்டு வரை பாதுகாக்கச் சொல்கிறது. அந்தக் காலத்தில் நாங்களே மொட்டைமாடியில் டிஷ் வைத்து, இரவில் வீடியோ டெக்கில் படம் போட்டோம். என்ன போட்டோம் என்று அரசு கேட்டதில் நியாயம் இருந்தது. 2017 மார்ச்சோடு டிஜிட்டல்மயமாக்கலின் கடைசிக் கட்டமும் முடிந்த பிறகு, குறியாக்கம் செய்யப்பட்ட சிக்னலை எம்.எஸ்.ஓ. அனுப்புகிறார், நாம் அதை வீடுகளுக்குக் கடத்துகிறோம், அவ்வளவுதான். ஒரு சேனலைக்கூட மாற்ற முடியாத ஆளிடம் நிகழ்ச்சி ஏடு கேட்பது பொருந்தவில்லை. அந்தக் கடமை சிக்னலைத் தொகுப்பவரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உப்புக்காற்றில் ஆம்ப்ளிஃபயரும் கனெக்டரும் துருப்பிடிக்கிற கரையில், நூற்றைம்பது செட்டாப் பாக்ஸ் வைத்திருப்பவரின் நேரம் கம்பத்தில்தான் போக வேண்டும். ஆனாலும் சட்டம் மாறும்வரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள் தங்கச்சி. எம்.எஸ்.ஓ.விடமிருந்து சேனல் பட்டியலை மாதம் ஒருமுறை வாங்கி ஒட்டி, உள்ளூர் ஒளிபரப்பு ஏதேனும் இருந்தால் அதை மட்டும் கையால் எழுதினாலே பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. பார்த்ததில், ஆதாரோடு இணைந்திருப்பது அப்பா எப்போதோ விட்டுவிட்ட பழைய எண். திங்கட்கிழமை இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அவரை ஆதார் மையத்துக்கு அழைத்துப் போகிறேன். எம்.எஸ்.ஓ. ஒப்பந்தத்தை வீட்டில் தேடியபோது கடைசிப் பக்கம் மட்டும்தான் கிடைத்தது. முழுப் பிரதி கேட்டு இன்றே கடிதம் எழுதிவிட்டேன்.