நிர்வாணாவும் கிளாசிக் ராக் ஆகிவிட்டதா? உங்கள் ஊர் ரேடியோவில் பட்டதைச் சொல்லுங்கள்

பழைய கேம்ரி (ஃபிளிண்ட் பக்கம், மிச்சிகன்)

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால். பல் கிட்டும் குளிர். என் காரில் ப்ளூடூத் கிடையாது, சிடி போடும் வாய் எப்போதோ அடைத்துக்கொண்டது. மிச்சம் இருப்பது ரேடியோ. மூன்றாம் பட்டன் கிளாசிக் ராக், அதாவது பழைய ராக் பாட்டு மட்டும் போடும் நிலையம். அதை அழுத்தினால் என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம்: லெட் செப்பலின், ஏசி டிசி, ஈகிள்ஸ், அப்புறம் மிச்சிகன்காரர் என்ற ஒரே காரணத்துக்காக நாளுக்கு நாலு தடவை பாப் சீகர். அன்றும் சீகர்தான் பாடிக்கொண்டிருந்தார். முடித்தார். அறிவிப்பாளரின் கட்டைக் குரல் நிலையத்தின் பெயரைச் சொல்லி "கிளாசிக் ராக்" என்று இழுத்தது. அடுத்து நாலே நாலு கார்டில் (chord) ஒரு கிட்டார், அதன்மேல் டமடமவென்று டிரம்ஸ். தொண்ணூறுகளின் குழு, நிர்வாணா!

சிக்னல் பச்சையானது தெரியாமல் நின்றிருக்கிறேன். பின்னால் இருந்த டிரக்காரர் ஹார்ன் அடித்தார். இந்தப் பக்கத்து ஆட்கள் லேசில் ஹார்ன் அடிப்பவர்கள் இல்லை.

ஏன் இந்த அதிர்ச்சி என்றால், 1993, திருச்சி, ஹாஸ்டல். எங்கள் மாடியில் இரண்டு கட்சி. ஒன்று ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' கட்சி. கல்ச்சுரல்ஸில் எந்தக் கல்லூரி மேடை ஏறினாலும் அதைத்தான் வாசிக்கும், இவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடுவார்கள். எதிர்க்கட்சி நாங்கள் நாலு பேர். எங்கள் சொத்து ஒரே ஒரு கேசட். அட்டையில் ஒட்டுத்துணி இல்லாமல் தண்ணீருக்குள் நீந்தும் குழந்தை, கூடவே 'நிர்வாணா' என்று பெயர். லீவுக்கு வீட்டுக்குக் கொண்டுபோனபோது அப்பா பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார், படத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். "புத்தர் சொன்ன நிர்வாணம்ப்பா" என்று நான் விளக்கியது எடுபடவில்லை. ஹாஸ்டலில் அவர்கள் எங்களைப் பார்த்து "இது பாட்டா, கிரைண்டர் சத்தமா?" என்பார்கள். நாங்கள் பதிலுக்கு "கிழவன் பாட்டு" என்போம். இப்போது இரண்டு கட்சியையும் ஒரே பட்டனில் போட்டு அடைத்துவிட்டார்கள்.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த வகை நிலையம் வளர்ந்ததே எங்களுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில்தான். ஃப்ரெட் ஜேக்கப்ஸ் என்ற ரேடியோ ஆலோசகர் 1985இல் லான்சிங்கின் டபிள்யூஎம்எம்க்யூ நிலையத்தில் இதை ஓட்டிக் காட்டினார். அந்தப் பெயர் அதற்கு முன்பே அங்கங்கே புழங்கியதுதான். புதுப் பாட்டே போடாத ராக் நிலையம் என்பதை முழு ஃபார்மாட்டாக்கி ஊர் ஊராக விற்றவர் அவர். அன்று 'கிளாசிக்' என்று போட்ட லெட் செப்பலினின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' 1971இல் வந்தது. அதாவது அப்போது அதற்கு வயது பதினாலு. எங்கள் கேசட் 1991. அதே கணக்குப்படி 2005இலேயே அதற்குப் பட்டாபிஷேகம் நடந்திருக்க வேண்டும். எப்போது உள்ளே விட்டார்களோ, என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான்.

அப்படியானால் இது இசையின் வகையா, கேட்கிறவனின் வயதா? உங்கள் ஊரில் எது உள்ளே, எது வெளியே?

ரெண்டாவது எக்ஸிட் (டாலஸ்)

அண்ணே, ஊருக்குப் போயிருந்தபோது ஆட்டோவில் எஃப்எம் ஓடியது. 'பழைய பாடல்கள்' என்று சொல்லிவிட்டு 'ரோஜா' படப் பாட்டைப் போட்டார்கள். ரோஜா 1992, உங்கள் கேசட் 1991. ரெண்டும் ஒரே பேட்ச். ஆட்டோ ஓட்டிய தம்பிக்கு மிஞ்சிப் போனால் இருபத்திரண்டு வயசு. "இந்த மாதிரிப் பாட்டெல்லாம் இப்ப எங்க சார் வருது" என்று பெருமூச்சு வேறு விட்டான்.

'அன்னக்கிளி'யையே பழைய பாட்டு என்று ஒத்துக்கொள்ளாதவன் நான். அதுவும் 'ஹோட்டல் கலிஃபோர்னியா' ஆல்பமும் ஒரே வருஷம், 1976. இதை வைத்து யாராவது மூன்றாவது கட்சி ஆரம்பியுங்கள், சேர்ந்துகொள்கிறேன்.

கோப்பை கழுவினவன் (ஸ்கார்பரோ)

கனடாக் கதை வேறு. நான் 1989இல் வந்தவன். வந்த புதிதில் டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரவு வேலை, கோப்பை கழுவுறது. மெஷினுக்கு மேலே இருந்த தட்டில் கறுப்பு டேப் சுத்தின ரேடியோ ஒன்று. ஸ்டேஷனை மாத்த சமையல்காரர் விடமாட்டார். எனக்கு அப்போது இங்கிலீஷும் விளங்காது, ராக்கும் விளங்காது. ஆனால் ஒரு இரவுக்கு மூன்று தரம் ரஷ், இரண்டு தரம் கெஸ் ஹூ, இடையில் ஏப்ரல் வைன் என்று கேட்டுக் கேட்டு, எந்தப் பாட்டு வந்தால் எத்தனை ட்ரே கழுவி முடியும் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். பிறகு டிராஜிக்கலி ஹிப் வந்தார்கள். எல்லாம் கனடியக் குழுக்கள். இவர்கள்தான் உலகத்திலேயே பெரிய ஆட்கள் என்று நம்பியிருந்தேன்.

1998இல் மச்சான் வீட்டுக்கு நியூ ஜெர்சிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். பஃபலோ தாண்டிப் பிறகு ஆறு மணித்தியாலம், ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் திருப்பினேன். எல்லாம் கிளாசிக் ராக் என்றுதான் சொல்லினம். ரஷ் ஒருதரம் வந்தது. ஹிப் ஒருக்காலும் இல்லை. மச்சானிடம் கேட்டால், "ஆர் அது?" என்றார். பக்கத்து வீட்டு அமெரிக்கனைக் கேட்டோம். அவருக்கும் தெரியாது.

பிறகுதான் விளங்கினது, எல்லாம் சட்டத்தின் வேலை. இங்கே வானொலிகள் போடும் பாட்டில் இத்தனை பங்கு கனடியப் பாட்டாக இருக்கவேணும் என்று 1971இல் 30 வீதத்தில் தொடங்கினவர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அது 35 வீதமானது. கனடியப் பாட்டு எது என்பதற்கும் கணக்கு இருக்கு: இசை, பாடகர், பதிவு, வரிகள். நாலில் இரண்டாவது கனடியனாக இருக்கவேணும். இங்கே கிங்ஸ்டனில் பிறந்த பாடகர் பிரையன் ஆடம்ஸ் 1991இல் வெளிநாட்டுத் தயாரிப்பாளரோடு கூட்டாக எழுதி ஒரு ஆல்பம் விட்டார். அந்தப் பாட்டுகள் 'கனடியன் இல்லை' என்று கழிந்துபோச்சு! பெரிய சண்டை பிடித்து 1993இல் விதியைத் திருத்தினார்கள்.

கிளாசிக் ராக் நிலையத்துக்கு இதில் கூடுதல் தலையிடி. பழைய பாட்டுதான் போடவேணும், அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே கனடியப் பாட்டாக வேணும். அந்தக் காலத்தில் இங்கே பதிவானது கொஞ்சம். அதனால் அதே ஏழெட்டுக் குழு சுத்திச் சுத்தி வரும். நான் கழுவின கோப்பை மாதிரி.

ஆனால் குறையாகச் சொல்லவில்லை. 2016 ஆகஸ்டில் ஹிப் தங்கட சொந்த ஊர் கிங்ஸ்டனில் கடைசிக் கச்சேரி வைத்தார்கள். பாடகருக்கு மூளையில் புற்றுநோய். கனடாவின் பொதுத் தொலைக்காட்சி சிபிசி நேரடியாகக் காட்டினது. வீட்டில் எல்லாரும் இருந்து பார்த்தோம். ஒரு சொல் கூட விளங்காமல் கேட்ட பாட்டெல்லாம் அன்றைக்கு வரிவரியாக விளங்கினது.

வட்டுக்கிறுக்கன் (செயின்ட் லூயிஸ்)

எது உள்ளே எது வெளியே என்று முடிவு செய்கிற அறையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். 2010. ஒரு சாயங்காலம் போன், ரேடியோ நிலையத்துக்காகப் பாட்டுகளை நேயர்களிடம் டெஸ்ட் செய்கிறவர்கள். எத்தனை வயது, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ரேடியோ, பிடித்த நிலையம் எது என்று வரிசையாகக் கேள்வி. "நாற்பது" என்றதும் அந்தப் பெண்ணின் குரலில் ஒரு மலர்ச்சி. சனிக்கிழமை ஏர்போர்ட் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு வரச் சொன்னார்கள். சாண்ட்விச், காபி, முடிந்ததும் கவரில் பணம்.

கல்யாண மண்டபம் போல ஒரு ஹால். தொண்ணூறு பேர் இருக்கலாம். பெரும்பாலும் என் வயது வெள்ளைக்கார ஆண்கள், கொஞ்சம் பெண்கள், பழுப்பு நிறத்தில் நான் ஒருத்தன். கையில் ஒரு தாள், அறுநூறு எண்கள். ஸ்பீக்கரில் "நம்பர் ஒன்று" என்று குரல், உடனே ஒரு பாட்டின் உச்சியிலிருந்து ஏழு விநாடி வெட்டு. ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். கூடவே 'கேட்டதே இல்லை', 'அலுத்துவிட்டது' என்று இரண்டு கட்டம். யோசிப்பதற்குள் "நம்பர் இரண்டு". இருநூறு தாண்டியபோது எனக்கு இசையே மறந்துவிட்டது. எட்டு நிமிஷத்தில் மெல்ல ஏறுகிற பாட்டையும் ஏழு விநாடிதான் கேட்கிறோம். சாம்பாரை ருசி பார்க்கச் சொல்லிக் கடுகை மட்டும் நாக்கில் வைத்தது போல.

இதில் உள்ள சூட்சுமம் என்னவென்றால், தெரியாத பாட்டுக்கு யாரும் நல்ல மார்க் போடுவதில்லை. மார்க் இல்லை, அதனால் ஒலிபரப்பு இல்லை. ஒலிபரப்பு இல்லை, அதனால் அடுத்த டெஸ்டில் இன்னும் பத்துப் பேருக்கு அது தெரியாது. லெட் செப்பலின் இத்தனை ஆல்பம் போட்டும் ரேடியோவில் ஏன் அதே பத்துப் பன்னிரண்டு பாட்டு என்று நண்பர்கள் கேட்பார்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த அறுநூறில் கறுப்பினக் கலைஞர் என்று என் காதுக்குத் தட்டுப்பட்டவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மட்டும். இடைவேளையில் டெஸ்டை நடத்தியவரைப் பிடித்தேன். ராக் அண்ட் ரோலின் முன்னோடி சக் பெரி இல்லையா? இந்த ஊர்க்காரர், டெல்மார் சாலையில் தவறாமல் வாசித்துக்கொண்டிருந்தவர். ரோலிங் ஸ்டோன்ஸின் முதல் சிங்கிளே 1963இல் அவர் பாட்டைத்தான் எடுத்துப் பாடியது. "அது ஓல்டீஸ் நிலையத்துக்கு, சார்." சரி, ஸ்டீவி வொண்டர்? 1972இல் ஸ்டோன்ஸோடு அமெரிக்கா பூராவும் சுற்றிப் பாடினவர். "அது ஸோல் (soul) இசை." டெட்ராய்ட்டில் பதிவு செய்த ஃபங்கடெலிக் குழு, 1971இல் பத்து நிமிஷம் கிட்டார் மட்டுமே அழுகிற ஒரு பாட்டு? மனிதர் சிரித்துக்கொண்டே காபி ஊற்றிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. தாளில் இல்லாததைப் பற்றிப் பேச அவருக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான்.

கேம்ரி தம்பி, "இசையின் வகையா" என்று கேட்டீர்களே. அந்த ஹாலில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மேல்ஸ்தாயி (கொலம்பஸ், ஒஹையோ)

எனக்கு ராக் தெரியாது, வர்ணமும் கீர்த்தனையும்தான். ஆனாலும் ஒன்று சொல்ல இருக்கிறது. ஈஸ்டரை ஒட்டி கிளீவ்லாண்டில் தியாகராஜ ஆராதனை நடக்கும், 1978இலிருந்து. ஒரு வருஷம் ஹோட்டலிலிருந்து கச்சேரிக்கு டாக்ஸியில் போனேன். ரேடியோவில் ஏதோ பாட்டு. டிரைவர் பெரியவர், அறுபது இருக்கும், சவுண்டைக் கூட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். யார் என்று கேட்டேன். "மைக்கேல் ஸ்டான்லி. உங்களுக்குத் தெரியாதா?" கிளீவ்லாண்டைத் தாண்டினால் யாருக்குமே தெரியாது என்பதை அவரே அப்புறம் சொன்னார். 1982இல் பிளாசம் அரங்கில் நாலு ராத்திரி வாசித்து 74,000 பேருக்கு மேல் சேர்த்த மனுஷராம். பிற்பாடு அதே ஊர் டபிள்யூஎன்சிஎக்ஸ் நிலையத்தில் முப்பது வருஷம் அறிவிப்பாளர், 2021இல் சாகிறவரைக்கும். ஏரிக்கரையில் ராக் ஜாம்பவான்களின் மண்டபமான ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கண்ணாடிப் பிரமிடாக நிற்கிறது, அந்தப் பட்டியலில் இவர் இல்லை. "எங்களுக்கு அவர் போதும்" என்றார் டிரைவர்.

வட்டுக்கிறுக்கன் சார், 'அலுத்துவிட்டது' கட்டம் பற்றிச் சொன்னீர்கள். நாங்கள் வருஷா வருஷம் அதே ஐந்து பஞ்சரத்ன கிருதிகளை, அதே வரிசையில், நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து பாடுகிறோம். 'எந்தரோ மகானுபாவுலு' அலுத்துவிட்டது என்று அந்தக் கூட்டத்தில் யாராவது டிக் அடித்தால் திரும்பி வரமாட்டார்கள்.

முதல்பனி (பிட்ஸ்பர்க்)

நான் வந்த முதல் நன்றி நவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்), 2006. ரோட்டில் ஈ காக்கை இல்லை, கடை எல்லாம் மூடிக் கிடக்கிறது, நான் மட்டும் பால் பாக்கெட் தேடிக் காரில் சுற்றுகிறேன். மத்தியானம் பன்னிரண்டுக்கு கிளாசிக் ராக் நிலையத்தில் ஒருத்தர் கிட்டாரை மெல்ல மீட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். விருந்து நாளன்று குப்பையைக் கண்ட இடத்தில் கொட்டியதற்குப் போலீஸ் பிடித்த கதை. பிறகு அந்தக் கேஸால் வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நடந்த கூத்து. நடுநடுவே நாலு வரிப் பாட்டு. வேறு ஏதோ நிலையம் குறுக்கே வந்துவிட்டது என்று நினைத்துப் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

மறுநாள் ஆபீஸில் விசாரித்தால், ஆர்லோ கத்ரியாம், 1967ஆம் வருஷத்துப் பாட்டு, பதினெட்டு நிமிஷத்துக்கு மேல். நிறைய நிலையங்கள் அந்த ஒரு நாள் அதைப் போடுவது சம்பிரதாயமாம். இதில் எந்த ஏழு விநாடியை வெட்டி டெஸ்ட் வைப்பார்கள், வட்டுக்கிறுக்கன் சார்? இப்போது எங்கள் வீட்டிலும் அன்றைக்குப் பன்னிரண்டு அடித்தால் ரேடியோ. பசங்களுக்குப் பாதி வசனம் பாடம். வான்கோழிக்குப் பதில் பிரியாணி.

கோப்பை கழுவினவன் (ஸ்கார்பரோ)

மேல்ஸ்தாயி அக்கா சொன்ன டிரைவரை எனக்குத் தெரியும் போல இருக்கு. எங்கட கடைச் சமையல்காரரும் அதே ஆள்தான், பாட்டு மட்டும் வேறு.

வட்டுக்கிறுக்கன் (செயின்ட் லூயிஸ்)

முதல்பனி, அது டெஸ்டுக்கே வருவதில்லை. கல்யாணத்தில் தாலி கட்டலாமா என்று யாரும் ஓட்டெடுப்பதில்லை அல்லவா?

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. போன மாசம் மறுபடி அதே மாதிரி போன். எனக்கு ஒரே குஷி. இந்தத் தடவை யாரையெல்லாம் பற்றிக் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் பட்டியலே போட்டுவிட்டேன். தினமும் எத்தனை மணி நேரம் கேட்பீர்கள்? மூன்று. பிடித்த நிலையம்? சொன்னேன். வயது? "ஐம்பத்தைந்து."

"மிக்க நன்றி சார், இந்த முறை ஐம்பத்துநாலு வரைதான்." லைன் கட்.

பழைய கேம்ரி (ஃபிளிண்ட் பக்கம், மிச்சிகன்)

எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கிறது, அண்ணே. போன் வந்தால் சக் பெரியைப் பற்றி நான் கேட்கிறேன்.