ஐந்தடிச் சுவரைத் தாண்டும் சிறுவிடைக் கோழிகள்: இறக்கை வெட்டியும் நிற்கவில்லை

கொல்லைப்புறம்:
வணக்கம். வீட்டுக் கொல்லையில் சிறுவிடை எனும் சின்ன நாட்டுக்கோழிகள் சிலவும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். காம்பவுண்டு சுவர் ஐந்தடி. குஞ்சாக இருந்தவரை தொல்லையில்லை. இப்போது வெடைகள், அதாவது இளம் பெட்டைகள், சுவரேறிக் குதித்துப் பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்தியைக் கிளறிவிட்டு வருகின்றன. அந்த வீட்டு அக்கா இதுவரை சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார், இனி எப்படியோ. சேவல் இருட்டினால் வேப்பமரத்துக்குப் போய்விடுகிறது. கூரை ஏறிக் கோழி பிடிப்பதைப் பற்றித்தான் பழமொழி உண்டு, மரம் ஏறிப் பிடிக்க நான் எங்கே போவது? தெரிந்தவர் ஒருவர் வந்து இரண்டு பக்க இறக்கையையும் சமமாக வெட்டிவிட்டார். கொஞ்ச நாள் தடுமாறின, மறுபடி சுவர்மேல் நிற்கின்றன. கோழி பறக்காது என்றுதானே சொல்வார்கள்? சுவரை உயர்த்த இப்போதைக்கு வசதியில்லை.

பஞ்சாரம்:
பறக்காதது பிராய்லர். ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ தொடும் உடம்பை அந்த இறக்கை எங்கே தூக்கும்? பெரிய நாட்டுக்கோழியான பெருவிடைச் சேவலும் நாலு கிலோ வந்துவிட்டால் எம்பிக் குதிப்பதோடு சரி. சிறுவிடை அப்படியில்லை, ஒன்றரைக் கிலோ உடம்புக்கு அந்த இறக்கை தாராளம்.

இரண்டு பக்கமும் சமமாக வெட்டியதுதான் கோளாறு. விசை குறையும், ஆனால் சமநிலை கெடாது. எடை குறைந்த கோழி இன்னும் வேகமாக அடித்து ஏறிவிடும். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால் எழும்பும்போதே உடம்பு சாய்ந்து இறங்கிவிடும்.

இறக்கையை விரித்துப் பாருங்கள். நுனிப்பக்கம் நீளமாகப் பத்து இறகு இருக்கும், அப்புறம் ஒரு குட்டி இறகு, அதற்கு உள்ளே அடுத்த வரிசை. வெட்ட வேண்டியது அந்தப் பத்தை மட்டும்தான், மேலே மூடியிருக்கும் சின்ன இறகுகளின் விளிம்பு வரைக்கும். முதலில் தண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளுப்பாக இருந்தால் வெட்டலாம், நகம் வெட்டுவது போல வலிக்காது. நீலம் பாய்ந்து கருத்திருந்தால் அது வளரும் இறகு, உள்ளே ரத்தம் ஓடும். அதைத் தொடாதீர்கள்.

கறிக்கடை:
எங்கள் கடைக்கு வந்தால் காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். கோழிக்கு நெஞ்சுக்கறி வெளுப்பு, புறாவுக்கு அதே இடம் கருஞ்சிவப்பு. சிவந்த சதை நெடுநேரம் உழைக்கும். வெளுத்த சதை ஒரே மூச்சில் முழு விசையையும் கொட்டிவிட்டுச் சில நொடியில் களைத்துவிடும். அதனால்தான் கோழியால் ஊர்விட்டு ஊர் பறக்க முடியாது, சுவர் ஏற முடியும். பெரிய நெஞ்சுத்துண்டுக்கு அடியில் தனியாக ஒரு பட்டை வரும் பாருங்கள், இறக்கையை மேலே தூக்குவது அதுதான். அதன் தசைநாண் தோளைச் சுற்றி, கிணற்றுச் சகடையில் கயிறு போவது மாதிரிப் போகிறது.

தோட்டக்காரி:
இறக்கை வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நாயோ கீரியோ வந்தால் அதற்கு இருக்கும் ஒரே வழியும் போய்விடும். கோழி நேராகச் சுவரைத் தாண்டுவதில்லை, முதலில் சுவர்மேல் உட்காருகிறது, அப்புறம்தான் அந்தப் பக்கம் இறங்குகிறது. உட்கார இடம் இல்லாமல் செய்யுங்கள். சுவருக்கு மேலே இரண்டடி வலையைத் தொய்வாகக் கட்டுங்கள், மேல் விளிம்பில் கம்போ குழாயோ வைக்காதீர்கள். கால் வைக்கக் கெட்டியான இடம் தெரியாவிட்டால் பெரும்பாலும் எம்பாது. சுவரோரம் விறகு, டிரம் ஏதாவது இருக்கிறதா?

கொல்லைப்புறம்:
விறகு அடுக்கியிருக்கிறோம் அக்கா, அதில் ஏறித்தான் போகின்றன போல. நாளைக்கே நகர்த்துகிறேன். வெட்டிய இறகு திரும்ப முளைக்குமா? சேவலை என்ன செய்வது?

பஞ்சாரம்:
வெட்டிய தண்டு வளராது. அடுத்து இறகு உதிர்க்கும்போதுதான் புதுசு வரும். பெரிய கோழி வருஷத்துக்கு ஒருமுறை உதிர்க்கும், வெடைகள் அதற்கு முன்னாலேயே மாற்றும். அதுவரை விட்டுவிடுங்கள்.

சேவல் மரமேறுவது பரம்பரைப் பழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழியும் ராத்திரி மரத்தில்தான் அடையும். உங்கள் கூண்டில் தரையில் படுக்க வைத்தால் அதற்குப் பிடிக்காது. மூன்றடி உயரத்தில் உருண்டை முனையுள்ள சட்டம் ஒன்று அடித்துவிடுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அந்தி மங்கும்போதே, மரமேறும் முன்னால், தீனி காட்டிக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்துங்கள். ஒன்றிரண்டு வாரம் விடாமல் செய்தால் பழகிக்கொள்ளும். தப்பித்து ஏறிவிட்டால், நன்றாக இருட்டியதும் தாழ்ந்த கிளையில் இருந்தால் அசையாமல் பிடித்துவிடலாம். உச்சியில் இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

தோட்டக்காரி:
வலை வாங்கும்போது கண் சின்னதாகப் பாருங்கள். பெரிய கண்ணுள்ள மீன்வலை மலிவுதான், ஆனால் கோழியின் கால் சிக்கும், பாம்பும் மாட்டும்.